பழங்குடிப் பெண்களுக்கு வருமானமும் வேண்டும், பண்பாடும் கெடக்கூடாது. இது நடக்கிற காரியமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஏதோ தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர் போலத் தெரிகிறது. நானும் அப்படித்தான் கோவையிலிருந்து பஸ் ஏறி ஊட்டிக்குப் போனேன். அங்கே வாழும் தோடர் என்ற பழங்குடிப் பெண்களின் எம்பிராய்டரிக்கு ஆர்டர் பிடித்துத் தருவது என் வேலை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தோடர் இல்லை. "உனக்கென்ன தெரியும்" என்று கேட்க வருபவர்களுக்குப் பதில்: பாதிதான் தெரியும், அதுவும் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது.

ஒரு கம்பெனியிலிருந்து தீபாவளிப் பரிசாக 40 சால்வைகள் கேட்டார்கள். செலவைக் குறைக்கலாமென்று நானே ஈரோட்டில் துணி வாங்கினேன். நல்ல நெருக்கமான நெசவு. பெண்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமும் மாட்டுவதில்லை. இழையை எண்ணி எண்ணித்தான் சிவப்பு, கறுப்பு நூலைக் கோப்பார்கள். இழை கண்ணுக்கே தெரியாத துணியில் எதை எண்ணுவது? மறுபடி முரட்டுத் துணி தேடி அலைந்ததில் மூன்று வாரம் போனது.

அப்புறம், முடித்த சால்வை ஒன்றைப் பார்த்து "பின்பக்கம் நூல் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, சரிசெய்யுங்கள்" என்றேன். எனக்குப் பின்பக்கமாகத் தெரிந்த அந்த மேடு பள்ளம்தான் அவர்களுக்கு அழகான பக்கம். வழவழப்பான பக்கத்தை முன்பக்கம் என்பது நம்மைப் போல வாங்குகிறவர்கள்தான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பக்கத்து மந்தில் (தோடர் குடியிருப்பு) ஒரு சாவு. எல்லோரும் ஊசியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் போனில் கொஞ்சம் கத்திவிட்டேன், மறைக்கவில்லை. குழுவின் மூத்த பாட்டி எடுத்தார். "உங்க வீட்ல சாவு விழுந்தா நீ ஆபீஸ் போவியா, பொண்ணு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பிறகுதான் யோசித்தேன். இறந்தவர் உடலைச் சுற்றுவதும் இதே எம்பிராய்டரி போட்ட பூத்துக்குளியால்தான், அதாவது தோடர்கள் போர்த்திக்கொள்ளும் சால்வையால்தான். நான் விற்க வந்த பொருளுக்கு முதல் வேலையே அங்கேதான் இருக்கிறது.

அதன்பிறகு ஆர்டர் எடுக்கும் முன்பே எத்தனை நாள் வேண்டும், என்ன விலை என்று அவர்களையே சொல்லச் சொன்னேன். விலை ஏறியது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த கைவேலை இது. ஆனாலும் கடைவீதியில் அச்சடித்த துணியைக் காட்டி "இது முந்நூறுக்குக் கிடைக்குதே" என்று பேரம் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

உடனே யாராவது, "எருமைப் பால் கடையும் தோடர் கோயிலுக்குள் பெண்களை விடுவதில்லையே, அந்தப் பண்பாட்டையும் காப்பாற்றணுமா?" என்று வருவார்கள். எல்லா வழக்கமும் நல்லது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் அந்தப் பெண்கள்தான். சால்வை ஆர்டரோடு வந்த நான் அதற்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

தீபாவளிக்குப் போக வேண்டிய 40 சால்வைகள் பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கம்பெனி மறுபடி ஆர்டர் தரவில்லை. பாட்டி அதற்கும் சிரித்தார்.