ஆஷ்ஃபீல்ட் பிரபு: லண்டன் போக்குவரத்தின் முதல் தலைவர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அமைச்சராக இருந்தவர் என்பதால்தான் லண்டன் போக்குவரத்தை அவரிடம் கொடுத்தார்களா?

பதில்: வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இங்கிலாந்தின் டெர்பியில் பிறந்த ஆல்பர்ட் ஸ்டான்லி (பின்னாளில் ஆஷ்ஃபீல்ட் பிரபு), 14 வயதில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் டிராம் கம்பெனி வேலைக்குப் போனவர். 1907இல் லண்டன் சுரங்க ரயில் கம்பெனிக்குப் பொது மேலாளராக வந்தார். 1916 டிசம்பரில், போர்க்காலத்தில், பிரதமர் லாயிட் ஜார்ஜ் அவரை வணிகத் துறை அமைச்சராக்கினார். ஆஷ்டன் அண்டர் லைன் தொகுதி எம்.பி.யும் ஆனார். 1919இல் பதவியை விட்டுவிட்டுப் பழைய கம்பெனிக்கே தலைவராகத் திரும்பினார். மறு ஆண்டு ஆஷ்ஃபீல்ட் பிரபு என்ற பட்டம். ஆக, முதலில் டிராம்காரர், நடுவில்தான் அமைச்சர்.

கேள்வி: நஷ்டத்தில் ஓடிய கம்பெனியை எப்படி நிமிர்த்தினார்?

பதில்: பஸ்ஸால்! அவர் வந்தபோது புதிய சுரங்கப் பாதைகளில் எதிர்பார்த்த கூட்டமே இல்லை. கடன் கழுத்தை நெரித்தது. 1912இல் லண்டன் ஜெனரல் பஸ் கம்பெனியை வாங்கினார். பஸ்ஸில் லாபம் வந்தது. 1915இல் குழுமத்து வருமானத்தையெல்லாம் ஒரே பொது நிதியில் சேர்த்துப் பங்கிட்டார்கள். பஸ் சம்பாதித்தது, ரயில் பிழைத்தது. இந்தக் கணக்கைப் படிக்காமல் அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

கேள்வி: பெருமையெல்லாம் அவருக்குக் கீழிருந்த நிர்வாகி ஃபிராங்க் பிக்குக்குத்தானே சேர வேண்டும்?

பதில்: பெயர்ப் பலகைகளின் ஜான்ஸ்டன் எழுத்துரு, சுரங்க ரயிலின் வட்டச் சின்னம், போஸ்டர், நிலையங்களின் அழகு எல்லாம் பிக் பார்த்துப் பார்த்துச் செய்தவை. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? எட்ஜ்வேர், மார்டன் வரை சுரங்க ரயில் பாதை நீட்டிப்புகள் 1921 சட்டத்தின்படி அரசு உத்தரவாதம் கொடுத்த கடனில் நடந்தவை. அமைச்சர்களிடமும் பங்குதாரர்களிடமும் உட்கார்ந்து பேசிக் காரியம் முடித்தவர் ஆஷ்ஃபீல்ட். அமைச்சர் நாற்காலி அவருக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: இருந்தாலும் பிக் இல்லாமல் அவர் என்ன செய்திருப்பார்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். பஸ் கணக்கைப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் ஹெர்பர்ட் மாரிசன்?

பதில்: இது நல்ல கேள்வி. லேபர் கட்சிப் போக்குவரத்து அமைச்சர் மாரிசன்தான் லண்டன் பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே பொது வாரியம் என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். 1931இல் அவருடைய அரசு கவிழ்ந்தது. பின்னால் வந்த, பல கட்சிகள் சேர்ந்த தேசிய அரசு திருத்தங்களோடு 1933இல் சட்டமாக்கியது. முன்பு கன்சர்வேட்டிவ் எம்.பி.யாக இருந்த ஆஷ்ஃபீல்ட் நினைத்திருந்தால் இதை முட்டுக்கட்டை போட்டு நிறுத்தப் பார்த்திருக்கலாம். அவரோ பேரம் பேசி, கம்பெனிப் பங்குக்குப் பதில் வாரியப் பத்திரம் வாங்கிக்கொள்ளத் தன் பங்குதாரர்களைச் சம்மதிக்கவைத்தார். 1933 ஜூலை 1 அன்று வாரியம் பிறந்தது. 1947 வரை அவரே தலைவர். மாரிசன் சட்டம் வரைந்தார், ஆஷ்ஃபீல்ட் அதை ஓட்டிக் காட்டினார். இருவரில் ஒருவரை எடுத்துவிட்டால் மற்றவர் கதை பாதிதான்.

கேள்வி: பிக்தான் பெரியவர் என்று இன்னும் சொல்கிறேன்.

பதில்: சொல்லுங்கள். பஸ் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்றைய லண்டன் டிக்கெட் விலை?

பதில்: அது என் துறை இல்லை. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பாருங்கள்.

கேள்வி: கடைசியில் என்ன ஆனார்?

பதில்: 1948 ஜனவரியில் போக்குவரத்து தேசியமயமானது. அதை நடத்த வந்த புதிய போக்குவரத்து ஆணையத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். அந்த நவம்பரிலேயே காலமானார்.