குட்டிகளின் தந்தை யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: எங்கள் லாப்ரடார் ஜோடி இரண்டுமே கறுப்பு. எட்டுக் குட்டிகளில் இரண்டு மஞ்சள். ஏமாந்துவிட்டோமா? (திருச்சி)

ப: இல்லை. கறுப்புக்குள் மஞ்சள் மறைந்து வரும். தாய், தந்தை இருவரிடமும் இருந்தால் நாலில் ஒன்று மஞ்சளாகப் பிறக்கலாம். இரண்டு மஞ்சள் நாய்களுக்குக் கறுப்புக் குட்டி பிறந்தால்தான் வேறு தந்தையைத் தேட வேண்டும்.

கே: என் ராஜபாளையம் பெட்டை இரண்டு வருடத்துக்கு முன் தெருநாயுடன் சேர்ந்துவிட்டது. இனி சுத்தமான குட்டி பிறக்காதாமே? (சிவகாசி)

ப: பிறக்கும். முந்தைய ஆணின் சாயல் அடுத்த ஈற்றிலும் வரும் என்பது மூடநம்பிக்கை. 1890களிலேயே எடின்பரோ பேராசிரியர் யூவர்ட் குதிரைகளை வைத்துச் சோதித்து அதைப் பொய்யாக்கிவிட்டார். இந்த முறை பெட்டை பருவத்துக்கு வந்ததும் 21 நாளும் கதவைப் பூட்டுங்கள், போதும்.

கே: குட்டிகள் இனத்தின் சாயலில் இல்லை. போட்டோ இணைத்துள்ளேன். தந்தை எது? (ஊர் எழுதவில்லை)

ப: முதல் ரத்தம் கண்ட நாள், சேர்த்த நாள், தாயின் நிறம் எதையும் எழுதவில்லை. போட்டோவை வைத்துத் தந்தையை யாராலும் சொல்ல முடியாது. விவரத்தோடு எழுதுங்கள்.

கே: வெளிநாட்டு ஜெர்மன் ஷெப்பர்டின் உறைவிந்து. டாக்டரே கருவூட்டினார், கடிதமும் தந்தார். குட்டி வாங்குபவர் டிஎன்ஏ கேட்கிறார். அவமானமாக இருக்கிறது. (கோவை)

ப: அவர் கேட்டது நியாயம். இந்தக் கடிதங்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. விந்து செலுத்தப்பட்டது என்றுதான் டாக்டர் எழுத முடியும். அது கருவாயிற்று என்று எழுத முடியாது. உருக்கிய உறைவிந்து ஒரு நாள் உயிரோடிருந்தால் அதிகம். அதனால்தான் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்து, முட்டை முதிரும் நேரம் கணித்துக் கருப்பைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். நேரில் சேரும் ஆணின் விந்தோ ஐந்து முதல் ஏழு நாள் தாங்கும். கருவூட்டல் முடிந்தபின்னும் பெட்டை ஆணை ஏற்கும். அந்த நாளில் கதவு திறந்திருந்தால் எந்த விந்து ஜெயிக்கும்?

நான் பார்த்த ஒரு ஈற்றில் ஏழு குட்டிகள். ஐந்துக்கு விடைத்த காது, இரண்டுக்கு மடிந்த காது, நெஞ்சில் வெள்ளைத் திட்டு. மூன்றரை மாதக் குட்டிகள் என்பதால் "காது பிறகு நிற்கும்" என்றார் உரிமையாளர். டிஎன்ஏ பார்த்தோம்: ஐந்துக்கு ஒரு தந்தை, இரண்டுக்கு இன்னொன்று. ஒரே ஈற்றில் இரு தந்தைகள் இருப்பது அதிசயமே அல்ல. இன நாய்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் அப்படிப்பட்ட ஈற்றையும் டிஎன்ஏ பார்த்துப் பதிவு செய்கிறது. உறைவிந்து தரும் ஆணுக்கும் டிஎன்ஏ கேட்கிறது. நம்மிடமோ ஏழு குட்டிக்கும் ஒரே தந்தை பெயரில் வம்சாவளிக் காகிதம் தயாராகிறது. அந்தக் காகிதத்தை நம்பி நாளை அண்ணன் தங்கையைச் சேர்ப்பவர்களும், இல்லாத வம்சத்துக்குப் பணம் கொட்டுபவர்களும் ஏராளம். கருவூட்டலுக்குப் பிறகும் பூட்டுங்கள். இரண்டு கதவு இருந்தால் இரண்டையும்.

கே: மைக்ரோசிப் இருந்தால் போதாதா? (சேலம்)

ப: போதாது. தோலுக்கடியில் வைக்கும் அந்தச் சிப்பின் 15 இலக்க எண் இது எந்த நாய் என்று சொல்லும். யாருக்குப் பிறந்தது என்று சொல்லாது.

கே: டிஎன்ஏ மாதிரி எடுப்பது எப்படி? (மதுரை)

ப: கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். தாய், எல்லாக் குட்டிகள், சந்தேகப்படும் ஆண்கள் அனைவருக்கும் எடுங்கள்; தாயை விட்டுவிடாதீர்கள். பால் குடித்த வாயில் தாயின் செல்கள் ஒட்டியிருக்கும். ஆகவே ஒன்றிரண்டு மணி நேரம் குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு எடுங்கள். ஒரு குட்டிக்கு ஒரு குச்சி. உறையில் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் குட்டியைத் தொட வேண்டும்.