கல்யாணத்துக்கு முன் லேசர் வேண்டாம்

கேள்வி: வயது 54. வெள்ளவத்தையில் இருக்கிறேன். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு, வாயைச் சுற்றிச் சுருக்கம். மூன்று மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். பக்கத்து சலூனில் ‘சீ-ஓ-டூ லேசர்’ ஆறு தடவைப் பெக்கேஜ், முழுப்பணத்தையும் முதலே கட்டினால் கழிவு என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

சீ-ஓ-டூ, அதாவது காபனீரொட்சைட்டு லேசர் தோலின் நீரைச் சூடாக்கி, மேல்தோலை நுண்ணிய துளைகளாக ஆவியாக்குகிறது. புண் ஒரு வாரமளவில் ஆறிவிடும். ஆனால் சூடு பட்டால் நிறத்தைக் கூட்டிக்கொள்வது எங்கள் மாநிறத் தோலின் குணம். மூன்று, நான்கு கிழமை கழித்துக் கறுப்பு ஏறும், போக மாதக்கணக்காகும். சுருக்கம் குறைவது தெரியவும் மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். உங்கள் நாட்கணக்குக்கு முதலில் வருவது கறுப்புத்தான். கல்யாண அல்பத்திலும் அதுதான் இருக்கும்.

இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரித் திட்டு என்றால் பெரும்பாலும் மங்கு. இதற்கு லேசர் முதல் மருந்தல்ல. சூடு அதைக் கிளறிவிடும், வெளுத்ததும் திரும்பி வரும். புறக்கோட்டையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிறீம் எதையாவது நெடுநாள் பூசினீர்களா? அப்படியான கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீரொய்டும் இருக்கும். ஸ்டீரொய்டால் மெலிந்த தோலில் லேசர் பிடிப்பது விபரீதம். டொக்டரிடம் போகும்போது அந்தக் கிறீமையும் கையோடு கொண்டுபோங்கள், பெயரைச் சொன்னால் போதாது.

இனிச் சலூன் கதை. ‘டொக்டர் மேற்பார்வையில்’ என்று பலகை தொங்கும். விசாரித்தால் டொக்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார், இயந்திரத்தைப் பிடிப்பது இரண்டு வாரப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய பிள்ளை. லேசர் என்று சொல்லி ஐபிஎல் எனும் பளிச்சொளியை அடிக்கும் இடமும் உண்டு. அது லேசரே அல்ல, கறுத்த தோலைச் சுட்டுவிடக்கூடியது. யார் கையால் செய்வார், அவருடைய இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம் என்ன என்று கேளுங்கள். இலக்கத்தை எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு தடவைக்கும் முதலே பணம் வாங்குவது ஏன்? முதல் தடவையிலேயே முகம் கறுத்தால் நீங்கள் திரும்பிப் போகமாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆட்கள் அங்கே போவதில் எனக்கு ஆச்சரியமில்லை. தேசிய வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் காலையிலேயே வரிசை. காசு கட்டித் தனியாரிடம் சனல் பண்ணினாலோ இரண்டு மணித்தியாலம் காத்திருந்து ஐந்து நிமிடப் பேச்சு. சலூனில் தேத்தண்ணி கொடுத்து ஒரு மணித்தியாலம் கதைக்கிறார்கள். பலகையைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டிய அதிகாரிகளும் கேட்பதில்லை.

கல்யாணம் முடிந்தபின், வாயோரச் சுருக்கத்துக்கு லேசர் செய்யலாம். எங்கள் நிறத் தோலில் பழகிய தோல் நிபுணர், குறைந்த அளவில், முதலில் தாடைக்குக் கீழே சிறு இடத்தில் பரீட்சித்து, சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்தில் தொட வேண்டும். ஒன்றை மட்டும் நீங்களாகவே சொல்லுங்கள்: காய்ச்சலோ வெயிலோ வந்தால் உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் வருவதுண்டா? இளவயதில் ஒருதரம் வந்திருந்தாலும் சொல்லுங்கள். அந்தக் கொப்புளத்தைத் தரும் வைரஸ் நரம்பில் தூங்கிக்கொண்டிருக்கும், லேசர் அதை எழுப்பும். புண் ஆறாத பச்சைத் தோலில் முகமெங்கும் பரவித் தழும்பும் ஆகலாம். லேசருக்கு முன்பே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கி, தோல் மூடும்வரை எடுக்க வேண்டும். சலூனில் இதைக் கேட்கவே மாட்டார்கள். டொக்டர்களிலும் சிலர் மறந்துவிடுவார்கள்.

இப்போதைக்கு, எஸ்பீஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன், இரண்டு விரல் நீளம், காலையிலும் நண்பகலிலும். மங்குக்கு நிறம் கலந்த வகை நல்லது, அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். காலி வீதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணாடி காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், யூவீ-ஏ கதிர் உள்ளே வரும். இரவுக் கிறீமை நிபுணர் பார்த்து எழுதட்டும். புதிதாக எதைத் தொடங்கினாலும் இப்போதே தொடங்குங்கள், கல்யாண வாரத்தில் வேண்டாம்.

ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம்.