ஐ.நா.வுக்குப் போகத் துடிக்கும் மகளை எதில் சேர்ப்பது?

சுங்கை சிப்புட் அம்மாவுக்கு,

எஸ்.டி.பி.எம். (மலேசிய ஆறாம் படிவத் தேர்வு) முடித்த மகள் ஐ.நா.வில் வேலை செய்ய 'அனைத்துலக மேம்பாடு' (ஏழை நாடுகளின் முன்னேற்றம் பற்றிய படிப்பு) படிக்கத் துடிக்கிறாள், அதற்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பட்டத்துக்கு அது வேண்டாம். இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள் தாதியா, கணக்காளரா, நீர்ப் பொறியாளரா என்றுதான் பார்ப்பார்கள். நல்ல மனசு எல்லோரிடமும் இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் பார்த்து வளர்ந்தவள், விவசாயம் பிடிக்கும் என்றால் அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பமான யூ.பி.யூ.வில் செர்டாங் யூ.பி.எம்.மை (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) முதல் விருப்பமாகப் போடுங்கள்.

பட்டம் வாங்கியதும் நேராக ஜெனீவா ஐ.நா. அலுவலகம் போக முடியாது. ஐ.நா. செயலகத்தின் பி-2 என்ற தொடக்க நிலை அதிகாரி பதவிக்கே பொதுவாக முதுகலையும் 2 ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். இளங்கலை மட்டும் என்றால் மேலும் 2 ஆண்டு. அந்த அனுபவத்தை மாவட்ட மருத்துவமனையிலோ, 1999இல் தொடங்கிய மெர்சி மலேசியா போன்ற நிவாரண அமைப்பிலோ இங்கேயே சேர்க்கலாம். பணம் கட்டி வெளிநாடு போய் இரண்டு வாரம் தொண்டு என்று பள்ளிச் சுவருக்குச் சாயம் அடிப்பது இந்தக் கணக்கில் வராது.

நம் பிள்ளைகள் இடறி விழும் இடம் பயிற்சிப் பணி (இன்டர்ன்ஷிப்). ஐ.நா. செயலகம் அதற்குச் சம்பளம் தருவதில்லை. விமான டிக்கெட், வாடகை, சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு. பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் தலைமேல் இருக்கும்போது நியூயார்க் வாடகையை யார் கட்டுவது? ஐ.நா.வின் சிறுவர் நிதியமான யூனிசெஃப், மேம்பாட்டுத் திட்டமான யூ.என்.டி.பி. இரண்டும் பயிற்சிப் பணியில் சேர்பவருக்கு உதவித்தொகை தருகின்றன. ஐ.நா. தொண்டர் திட்டத்தில் மாதப்படி உண்டு. அதன் இளையோர் பிரிவுக்கு வயது 18 முதல் 26.

முதுகலைக்கு பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உபகாரச் சம்பளம் பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பை ஏற்கும். விண்ணப்பிக்க 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படித்தபின் தாய்நாடு திரும்பி 2 ஆண்டு இருந்தாக வேண்டும்.

மொழியில் அவளுக்கு லாபம்தான். மலாய் தெரிந்தால் இந்தோனேசிய மொழி சில மாதத்தில் வரும், அது தீமோர் லெஸ்தேயிலும் உதவும். தமிழ் இலங்கையின் வடக்கு, கிழக்கில் கைகொடுக்கும். பிரெஞ்சும் கற்றால் மேற்கு ஆப்பிரிக்கா திறக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2025இல் அமெரிக்கா யூ.எஸ்.எய்ட் என்ற தன் வெளிநாட்டு உதவி அமைப்பைக் கலைத்தது. உலகெங்கும் இத்துறையில் வேலைகள் போயின. தாதியோ கணக்காளரோ ஈப்போவிலும் பிழைத்துக்கொள்வார். மேம்பாட்டுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் திண்டாடுவார்.

ஐ.நா. வேலைக்குப் பதிவுக் கட்டணம் கேட்கும் ஏஜெண்ட் மோசடிக்காரர், ஐ.நா. எந்தக் கட்டத்திலும் காசு வாங்குவதில்லை.

வேலை செய்த ஒவ்வோர் இடத்திலும் பதவி, தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிய கடிதத்தை விலகும் நாளிலேயே மகள் வாங்கி வைக்கட்டும். ஐந்து வருடம் கழித்துப் போனால் அந்த மேலாளர் அங்கே இருக்கமாட்டார்.