மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு நாள் குறித்து, வெள்ளை கவுன் தைத்து, சொந்தபந்தங்களுக்கு அழைப்பும் கொடுத்துவிட்டோம். இப்போது போய்ப் பங்குத்தந்தை, 'பிள்ளை இன்னும் தயாராகவில்லை, சில மாதம் தள்ளி வைப்போம்' என்கிறார். ஜெபமெல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறாள். அதற்கு முன் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் என்றால் மட்டும் அழுகிறாள். 'நீங்க கடைசியா எப்போம்மா பாவசங்கீர்த்தனம் பண்ணீங்க?' என்றுகூட ஒருநாள் கேட்டாள், ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உறவினர் முகத்தில் எப்படி விழிப்பது? வேறு பங்குக் கோயிலில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேறு பங்குக்கு ஓடாதீர்கள். 'உங்கள் பங்குத்தந்தை என்ன சொன்னார்?' என்றுதான் அங்கேயும் முதலில் கேட்பார்கள்.

கவுன், அழைப்பு, உறவினர் முகம் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதிய நீங்கள், மகள் கேட்ட கேள்வியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்ன சொல்லிச் சமாளித்தீர்கள் சகோதரி? ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சமாளிப்பு தெரியாது என்று நினைத்தீர்களா? அம்மா அப்பா ஒருநாளும் நிற்காத வரிசையில் தன்னை மட்டும் நிறுத்துகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அழாமல் என்ன செய்வாள்?

ஆத்தும சோதனை தொடங்கி, பரிகாரமாகக் குரு சொல்லும் அபராதம் தீர்ப்பதுவரை, நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்தையும் அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். செய்த பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாபம் எப்படி இருக்கும் என்று வீட்டில் பார்த்திருக்கிறாளா? கோபத்தில் கை ஓங்கிவிட்டு, அப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'அம்மா செஞ்சது தப்பும்மா' என்று எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? மறைக்கல்வி ஆசிரியர் வாரத்தில் ஒரு மணி நேரம் சொல்லித்தருவார். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை உங்களிடம்தான் இருக்கிறாள். திருச்சபைச் சட்டம் 914-ம் பிள்ளையைத் தயாரிக்கும் கடமையைப் பெற்றோரிடமிருந்துதான் தொடங்குகிறது. போதிய தயாரிப்பு இல்லாத பிள்ளை நற்கருணை வாங்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அதே சட்டம் பங்குத்தந்தைக்குத் தருகிறது. அவர் தன் வேலையைச் செய்கிறார்.

பிள்ளைகளைச் சும்மா காக்க வைப்பது எனக்கும் பிடிக்காது. பன்னிரண்டு, பதினான்கு வயதுவரைகூட இழுத்தடித்த பழக்கத்தைத்தான் 1910-ல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் மாற்றி, ஏறக்குறைய ஏழு வயதில் விவரம் வந்தால் போதும் என்றார். அதனால் பங்குத்தந்தையிடம் சண்டைக்குப் போகாமல், 'இவளிடம் எது குறைகிறது ஃபாதர்?' என்று நேராகக் கேளுங்கள். பதில் உங்கள் வீட்டைப் பற்றியதாகவும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே நீங்களும் கணவரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், வரிசையில் உங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும். 'எனக்கும் பயமாத்தான் இருக்கு, ரொம்ப நாளாச்சு' என்று உண்மையைச் சொல்லுங்கள். கேட்டதைக் குருவானவர் யாரிடமும், உங்களிடம்கூட, சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். அவள் முறை வந்து முடித்து வரும் நாளில், 'என்ன சொன்னே, என்ன அபராதம் கொடுத்தார்?' என்று தோண்டித் துருவாதீர்கள். பல அம்மாக்கள் கோயில் வாசலிலேயே இந்த விசாரணையை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

உறவினர் விஷயத்துக்கு வருகிறேன். போன் போட்டு, தேதி தள்ளிப்போகிறது என்று சொன்னால் முடிந்தது. காரணம் கேட்டால், 'நாங்க இன்னும் தயாராகலை' என்று சொல்லுங்கள். அதற்குள் கவுன் சிறுத்துப்போனால் தையலைப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.