வேலூருக்குப் போகாதீர்கள்: பழைய வட ஆற்காடு பத்திரத்தைத் தேடும் வழி

வாசகர் கேள்வி: தாத்தா வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தில் ‘வட ஆற்காடு ஜில்லா, கார்வேட்டிநகரம் ஜமீன், பசலி 1318’ என்றிருக்கிறது. கிராமம் திருத்தணி பக்கம். நகல் கேட்டு வேலூர் போனால், இங்கே இல்லை என்கிறார்கள். எங்கே தேடுவது?

பதில்: அவர்கள் சொன்னது சரி. 1911 ஏப்ரல் 1-ல் சித்தூர் தனி ஜில்லாவானது. அதுவரை வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். பிரிந்த பிறகுதான் அது வேலூருக்கு மாறியது. உங்கள் ஊர் சித்தூரோடு போய், 1953 அக்டோபரில் ஆந்திரத்தில் சேர்ந்தது. ஆந்திர-சென்னை எல்லைத் தகராறைத் தீர்த்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்கு, செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் திரும்பியது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். வேலூர் இந்த வரிசையில் எங்குமே இல்லை. அதே தீர்ப்பில் சத்தியவேடு பக்கம் எதிர்த்திசையில் ஆந்திரத்துக்குப் போனது. அந்த ஊர்க்காரர்கள் இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

முதலில் வருடம். பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள்: 1318 என்றால் 1908 ஜூலை முதல் 1909 ஜூன் வரை. பத்திரத்தில் ‘கீலக வருஷம்’ என்றிருந்தால் பொருந்தும் (ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை எழுதியதென்றால் ‘சௌமிய’). வேறு வருஷப் பெயர் இருந்தால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம்; மங்கிய மையில் 8-ம் 3-ம் ஒன்றுபோலத் தெரியும்.

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். ‘1 புஸ்தகம், இத்தனாவது வால்யூம், இத்தனாம் பக்கம், 1909-ம் வருஷத்து இத்தனாம் நம்பர்’ என்ற பதிவுக் குறிப்பும் சப்-ரிஜிஸ்ட்ரார் முத்திரையும் இருக்கும். ஜில்லா பெயரைவிட அந்த முத்திரையில் உள்ள ஊர்தான் முக்கியம். வருவாய் மாவட்டம் வேறு, பதிவு மாவட்டம் வேறு; பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். முத்திரை ஊர் இன்று ஆந்திரத்தில் இருந்தால் அங்கேதான் மனு போட வேண்டும். 1-ம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம்; பதிவுச் சட்டத்தின் 57-ம் பிரிவு. முத்திரை அழிந்திருந்தால் பெயர் அட்டவணையில் தாத்தா பெயரையும் விற்றவர் பெயரையும் தனித்தனியே தேடச் சொல்லுங்கள்.

கணினி வில்லங்கச் சான்றில் ‘பதிவு இல்லை’ என்று வந்தால் மனம் தளர வேண்டாம். அது பிற்காலப் பதிவுகளை மட்டுமே பார்க்கும். 1909-க்குக் கையால் தேடும் மனுதான்.

சர்வே எண்ணை வைத்துத் தேடினால் சிக்கல் அதிகம். ஜமீன் கிராமம் என்பதால் பத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் பைமாஷ் எண், அதாவது பழைய அளவை எண். 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ரயத்துவாரி எண் வந்தது, 1980-களின் யுடிஆரில் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) உட்பிரிவும் மாறியது. தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சக்குபந்தியில் (நான்கெல்லை விவரத்தில்) உள்ள ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதையை கிராம வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்து நிலக்காரர் பெயர் மாறியிருக்கும், ஏரி மாறியிருக்காது.

ஊர்ப் பெயரையும் இரு மொழியிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘கண்டிகை’ என்றால் தெலுங்குப் பதிவில் ‘கண்ட்ரிக’. அட்டவணையில் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும்.