இடைவெளிக்கு ஒரு வரி போதும்

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2016-இல் இரண்டாவது குழந்தை பிறந்தபோது வேலையை விட்டேன். இப்போது பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். ஆறு மாதமாக விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் பதிலே வருவதில்லை. அழைப்பு வந்த ஒரே நேர்காணலிலும், "இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதும் தடுமாறிவிட்டேன். ஏதாவது பட்டயப் படிப்பை முடித்துவிட்டு முயலலாமா? சம்பளத்தைக் குறைத்துக் கேட்டால் கிடைக்குமா? என் தற்குறிப்பை இணைத்திருக்கிறேன். – ஒரு வாசகி

பதில்: பட்டயப் படிப்பில் இப்போது சேர வேண்டாம். சம்பளத்தையும் நீங்களாகக் குறைக்க வேண்டாம். உங்களுக்கு அழைப்பு வராததற்குக் காரணம் வேறு. அது உங்கள் தற்குறிப்பின் முதல் பத்தியிலேயே இருக்கிறது. "குடும்பச் சூழ்நிலை காரணமாக வேலையைத் தொடர இயலாமல் போனது. தற்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், வாய்ப்பளித்தால் கடுமையாக உழைக்கத் தயாராக உள்ளேன்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். மாத இறுதிக் கணக்கை முடித்தது, தணிக்கையாளர்களுக்குப் பதில் சொன்னது, நான்கு பேர் கொண்ட குழுவை நடத்தியது எல்லாம் இரண்டாம் பக்கத்தில் கிடக்கின்றன. ஆள் தேர்வு செய்பவர் இரண்டாம் பக்கம் வரை வருவதே அரிது. அவர் கண்ணில் பட்டதெல்லாம் மன்னிப்புக் கேட்கும் ஒருவர்தான்.

ஆள்தேர்வுப் பணியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இடைவெளியைக் கண்டு நிறுவனங்கள் தயங்குவது உண்மை. ஆனால் அந்தத் தயக்கம் எதைப் பற்றியது என்பதைப் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் கேத்ரின் வைஸ்ஷார் ஒரு சோதனை செய்து, முடிவுகளை 2018-இல் வெளியிட்டார். தகுதியில் ஒன்றுக்கொன்று இணையான கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து, உண்மையான வேலை அறிவிப்புகளுக்கு அனுப்பினார். வேலையில் இருக்கும் தாய்மாரின் விண்ணப்பங்களில் நூற்றுக்குச் சுமார் 15-க்கு அழைப்பு வந்தது. வேலை பறிபோய் வீட்டில் இருப்பவர்களுக்குச் சுமார் 10. பிள்ளை வளர்ப்பதற்காகத் தாமே வேலையை விட்டவர்களுக்குச் சுமார் 5. தந்தையர் விஷயத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

பின்னிரண்டு வகையினரும் வேலையில் இல்லாதவர்களே. திறமை மங்கியிருக்கும் என்ற கவலை மட்டும் காரணமாக இருந்தால், இருவரையும் ஒரே மாதிரி நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை. "ஒருமுறை விட்டுவிட்டுப் போனவர், மறுபடியும் போய்விடுவாரோ" என்ற சந்தேகம்தான் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது. இது அநியாயமான சந்தேகம். ஒன்பது ஆண்டுகள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் ஒரு பொறுப்பைச் சுமந்தவரைப் பார்த்து, பொறுப்பில் நிலைக்க மாட்டார் என்று எண்ணுவது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். ஆனாலும் அந்தச் சந்தேகம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் நாம் விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பத்தி பத்தியாக விளக்கித் தீர்க்க முடியாது. அண்மையில் நீங்கள் கையால் செய்த ஒரு வேலையைக் காட்டினால் தீரும்.

முதலில் தற்குறிப்பைத் திருத்துவோம். அந்த முதல் பத்தியை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அங்கே இப்படி எழுதுங்கள்: "கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டுகள் அனுபவம். மாத இறுதிக் கணக்கு முடிப்பு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தணிக்கைக்கான ஆவணத் தயாரிப்பு ஆகியவற்றைத் தனிப்பொறுப்பில் செய்தவர். நான்கு பேர் குழுவை வழிநடத்தியவர்." இதில் எதுவும் நான் சேர்த்ததில்லை, எல்லாம் உங்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து எடுத்தவை. இடைவெளியை அது வரவேண்டிய கால வரிசையில் ஒற்றை வரியாகப் போடுங்கள்: "2016 முதல்: முழுநேரக் குழந்தை வளர்ப்பு." அவ்வளவுதான். 'காரணமாக', 'இயலாமல்', 'வளர்ந்துவிட்டதால்' எதுவும் வேண்டாம். 'இல்லத்தின் தலைமை மேலாளர்' என்பது போன்ற அலங்காரப் பதவிகளும் வேண்டாம்; படிப்பவர் அதை ரசிக்க மாட்டார். லிங்க்ட்இன் தளத்திலேயே 2022 முதல் பணி இடைவேளையைத் தனியாகக் குறிக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு சிறு மாற்றம் நல்ல பலன் தரும். பழைய வேலையை "2009–2016" என்று எழுதாமல் "7 ஆண்டுகள்" என்று எழுதுங்கள். பிரிட்டனில் 9,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த ஓர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இடைவெளி தெரியும்படி தேதி போட்ட விண்ணப்பங்களைவிட, ஆண்டுகளின் எண்ணிக்கையை எழுதியவற்றுக்கு அழைப்பு சுமார் 15 சதவீதம் கூடுதலாக வந்தது. தேதியைப் பார்த்ததும் மனம் கழித்தல் கணக்குப் போடுகிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் அனுபவம் கண்ணில் படுகிறது. ஆனால் ஒன்று: விண்ணப்பப் படிவத்தில் தேதி கேட்டால் உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். பொய்த் தேதி பின்னால் சரிபார்ப்பில் தெரியவந்தால் கிடைத்த வேலையும் போய்விடும்.

இப்போது, அண்மையில் செய்த வேலைக்கான அந்தச் சான்று. பிள்ளைகளின் பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கு இரண்டு ஆண்டுகளாக வரவு செலவு எழுதி வருவதாகக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தற்குறிப்பில் அது இல்லவே இல்லை! உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான வரி அதுதான். எத்தனை உறுப்பினர்கள், ஆண்டுக்கு எவ்வளவு தொகை கைமாறுகிறது, ஆண்டறிக்கையை யார் சரிபார்க்கிறார்கள் என்று எண்களோடு எழுதுங்கள். சங்கச் செயலாளரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இப்படி எதுவும் இல்லாதவர்கள், தெரிந்த சிறு வணிகர் ஒருவருக்கு மூன்று மாதக் கணக்கை எழுதிக் கொடுக்கலாம். அதற்கும் சிறிதாவது ஊதியம் பெற்றுக்கொள்ளுங்கள். தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முடிவே இல்லாத இலவச வேலை அனுபவமாகாது.

பட்டயப் படிப்பு வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். ஓராண்டுப் படிப்பு முடியும்போது உங்கள் இடைவெளி இன்னும் ஓராண்டு நீண்டிருக்கும். உங்களுக்குத் தேவையானது சில வாரங்களில் முடியக்கூடிய புதுப்பிப்பு. கணக்கியலின் அடிப்படை மாறவில்லை, கருவிகள் மாறியிருக்கின்றன. நீங்கள் வேலையை விட்ட பிறகு எக்ஸெலில் வந்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஒரு விவரத்தைத் தேடி எடுக்கும் பழைய வி-லுக்அப் செய்த வேலையை இன்னும் எளிதாகச் செய்யும் எக்ஸ்-லுக்அப் 2019-இல்தான் அறிமுகமானது. மேசைக் கணினியில் நிறுவிய கணக்கு மென்பொருள்களின் இடத்தைப் பல அலுவலகங்களில் இணையவழி மென்பொருள்கள் பிடித்துவிட்டன. வரி விதிகளும் மாறியிருக்கும். பத்து வேலை அறிவிப்புகளை அச்செடுத்து, உங்களுக்குத் தெரியாத சொற்களை அடிக்கோடிடுங்கள். மூன்று நான்கு அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதைச் சங்கக் கணக்கிலேயே செய்து பாருங்கள். மருத்துவம், செவிலியர் பணி, ஆசிரியர் பணி போல உரிமமோ பதிவோ தேவைப்படும் துறைகளில் இருப்பவர்களுக்கு மட்டும் என் ஆலோசனை வேறு: முதலில் பதிவைப் புதுப்பியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நேர்காணல் கேள்விக்கு வருகிறேன். "இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?" என்பதற்கு நான்கு வாக்கியங்களுக்கு மேல் பதில் தேவையில்லை. "பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டேன். இரண்டு ஆண்டுகளாகப் பெற்றோர் சங்கத்தின் கணக்கைப் பார்த்துவருகிறேன். சென்ற ஆண்டு அதை முழுவதும் இணையவழி மென்பொருளுக்கு மாற்றினேன். உங்கள் அறிவிப்பில் மாத இறுதிக் கணக்கை ஐந்து நாளில் முடிக்க வேண்டும் என்று கண்டேன், இப்போது எத்தனை நாள் ஆகிறது?" கடைசி வாக்கியம் கேள்வியாக முடிவதைக் கவனியுங்கள். பேச்சு உங்கள் வீட்டிலிருந்து அவர்கள் அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. நீங்கள் செய்யாத எதையும் இதில் சேர்க்காதீர்கள்; உங்கள் உண்மைக்கு ஏற்ப மாற்றி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றும் சிலர் கேட்பார்கள். கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்டால், "அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பதில் உண்மையாக இருக்க வேண்டும். இதைப் பலர் வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆறாவது வாரத்தில் வேலையை விடும் நிலை வருவது இதனால்தான். பெண்களின் உழைப்புச் சந்தை பற்றிய ஆய்வுக்காக 2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் சொல்வது இதற்கு நேராகப் பொருந்தும். எந்நேரமும் அழைத்தால் வர வேண்டிய வேலைகளுக்குச் சம்பளம் மிக அதிகம் என்பதால், தம்பதியரில் ஒருவர் அலுவலகத்தின் அழைப்புக்கும் மற்றவர் வீட்டின் அழைப்புக்கும் காத்திருப்பவராகிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக அந்த மற்றவர் நீங்கள்தான். ஆகவே கணவரோடு உட்கார்ந்து, "எனக்கு உதவுவீர்களா?" என்று பொதுவாகக் கேட்காமல், குறிப்பான பொறுப்புகளைப் பேசுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தால் யார் கிளம்புவது? திங்கள், புதன் நீங்கள். செவ்வாய், வியாழன், வெள்ளி அவர் என்று முடிவு செய்யலாம். பள்ளியில் முதல் தொடர்பு எண்ணாக அவருடைய எண்ணைக் கொடுங்கள். இந்தச் சின்ன மாற்றத்துக்குத் தயங்கும் வீட்டில் பெரிய மாற்றம் எதுவும் நிலைப்பதில்லை என்பது என் அனுபவம். பிறகு இரண்டு வாரம், வேலை கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு அந்த நேரப்படி வாழ்ந்து பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

சம்பள விஷயத்தில், 2016-இல் வாங்கிய தொகையை நீங்களாகச் சொல்லாதீர்கள். அது இன்றைய சந்தைக்குப் பொருந்தாது. "இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் சம்பள வரம்பு என்ன?" என்று கேளுங்கள். முன்பிருந்ததைவிட ஒரு படி கீழான பதவி வந்தால் ஏற்கலாம், அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆறு மாதத்தில் பதவியும் சம்பளமும் மறுபரிசீலனை செய்யப்படும் என்பதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். சில பெரிய நிறுவனங்கள் பணிக்குத் திரும்புவோருக்கென்றே சில மாதப் பயிற்சிப் பணி வைத்திருக்கின்றன. அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் 2008-இல் இப்படி ஒன்றைத் தொடங்கியது. அவற்றில் சேருமுன், பயிற்சிக் காலத்துக்கு ஊதியம் உண்டா, முடித்தவர்களில் எத்தனை பேரை நிரந்தரமாக எடுத்தார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, இணையதளங்களில் மட்டும் விண்ணப்பித்துக்கொண்டிருக்காதீர்கள். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பேசும் அறிமுகங்கள் வழியாகத்தான் பலருக்கு வேலை பற்றிய புதிய தகவல் கிடைக்கிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே எழுதினார். நீங்கள் மாத இறுதியில் இரவு வரை உட்கார்ந்து கணக்கு முடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் உங்கள் பழைய சகாக்கள். இன்று அவர்கள் வெவ்வேறு நிறுவனங்களில் இருப்பார்கள். பழைய மேலாளருக்கு இந்த வாரமே எழுதுங்கள்: "வணக்கம் சார். 2016 வரை உங்கள் பிரிவில் வேலை பார்த்தேன். மீண்டும் பணிக்கு வருகிறேன். இன்று ஒரு கணக்குப் பிரிவில் என்னென்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள உங்களோடு பதினைந்து நிமிடம் பேச விரும்புகிறேன். எந்த நாள் வசதிப்படும்?" முதல் செய்தியிலேயே வேலை கேட்க வேண்டாம். பேசும்போது அவரே கேட்பார்; அப்போது அனுப்ப, திருத்திய தற்குறிப்பைத் தயாராக வைத்திருங்கள்.